குதிரை நொண்டினால் வீடும் நொண்டும்: குளம்பைச் சுத்தமாக வைத்திருக்க ஒரு பாடம்



சென்ற மழைக்காலத்தில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். நமது பைத்துல்மாலில் கர்ழே ஹஸனாவாக வட்டியில்லாக் கடன் பெற்று, ஒரு சகோதரர் பெண் குதிரை ஒன்று வாங்கினார். மாலையில் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுவார். கல்யாண நாட்களில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கொண்டு போவார். ஒன்பது மாதம் தவணை தவறாமல் வந்தது. பத்தாவது மாதம், ஓர் ஊர்வலத்தில், மாப்பிள்ளையைச் சுமந்து போன குதிரை தெரு முனையில் பின்னங்காலை ஊன்ற முடியாமல் நின்றுவிட்டது. மாப்பிள்ளையை இறக்கிக் காரில் அனுப்பினார்கள். குதிரையை மெல்ல மெல்ல நடத்தி வீடு கொண்டு வந்து சேர்க்க நள்ளிரவு ஆயிற்று.

மறுநாள் கால்நடை மருத்துவரை அழைத்துக்கொண்டு நாங்கள் போனோம். அவர் காலைத் தூக்கியதுமே அழுகல் நாற்றம் வந்தது. பின்னங்கால் இரண்டிலும் குளம்பின் அடிப்பகுதி அழுகியிருந்தது. ஒன்றில் உள்ளே சீழ் கட்டியிருந்தது. "எத்தனை நாளாக இந்த நாற்றம்?" என்று கேட்டார். "மூன்று வாரம் இருக்கும் டாக்டர்" என்றார் சகோதரர். ஏன் சொல்லவில்லை என்று நாங்கள் கேட்டோம். "வேலையை நிறுத்தினால் தவணை நின்றுவிடும். டிரஸ்டில் என்ன நினைப்பீர்களோ என்று பயந்துவிட்டேன் பாய்" என்றார். அந்தப் பதில் எங்களை உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது.

மருத்துவர் அடுத்து பார்த்தது குதிரையை அல்ல, அது நிற்கும் தரையை. ஓட்டுக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டி, மூத்திரம் தேங்கி, லத்தி மிதிபட்டுச் சேறாகக் கிடந்தது. "இந்தத் தரையில் நின்றால் எந்தக் குளம்பும் தாங்காது" என்றார். நாங்கள் அலுவலகம் திரும்பி, கடன் கொடுத்த நாளில் எழுதிய பேரேட்டைப் புரட்டினோம். குதிரையின் விலை இருந்தது. மூன்று மாதக் கொள்ளும் தவிடும் இருந்தன. லாடக் கூலி இருந்தது. தரைக்கு ஒரு ரூபாய் கூட எழுதவில்லை. குளம்பைப் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு வரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

குதிரை வந்தது, கைத்தொழில் வரவில்லை

இது இன்று நேற்று நடக்கும் தவறல்ல. பாண்டியர் காலத்தில் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தருகே இருந்த காயல் துறைமுகத்தில், ஹோர்முஸ், கீஷ், ளஃபார், ஏடன் போன்ற இடங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்கின. அந்த வணிகத்தில் முஸ்லிம் வணிகர்களே முன்னணியில் இருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, அப்படி வாங்கிய குதிரைகளில் மிகச் சிலவே அந்த ஆண்டு முடியும்வரை உயிரோடு இருந்தன என்று எழுதியிருக்கிறார். குதிரையைப் பேணத் தெரிந்தவர்களும், வைத்தியமும் லாடமும் தெரிந்தவர்களும் இங்கே இல்லை என்பதை அவர் காரணமாகச் சொல்கிறார். அப்படிப்பட்டவர்களை வணிகர்கள் கூட்டி வருவதில்லை, வரவும் விடுவதில்லை என்றும் குறை சொல்கிறார். பயணியின் எழுத்தில் மிகை இருக்கலாம். ஆனாலும் அதிலுள்ள பாடம் பொய்யல்ல.

அரபியில் பைத்தார் என்றால் கால்நடை வைத்தியர். மூலிகை நூலால் புகழ்பெற்ற அறிஞர் இப்னுல் பைத்தாரின் பெயருக்கே "கால்நடை வைத்தியரின் மகன்" என்றுதான் பொருள். அவ்வளவு மதிப்புக்குரிய தொழில் அது. குதிரை ஒரு கரையிலும் அதைப் பேணும் அறிவு மறு கரையிலும் தங்கிவிட்டால் நஷ்டம் குதிரைக்கும் வாங்கியவருக்கும்தான். எங்கள் பேரேட்டிலும் அதே நஷ்டம்தான் பதிவாகியிருந்தது.

குளம்பு என்பது வெறும் நகமல்ல

குளம்பின் வெளிச்சுவர் நம் நகத்தைப் போன்ற பொருளால் ஆனது. அதற்கு உணர்ச்சி கிடையாது. அதனால்தான் லாட ஆணி சரியான இடத்தில் இறங்கும்போது குதிரைக்கு வலிப்பதில்லை. ஆனால் அந்தச் சுவருக்கு உள்ளே இரத்தமும் நரம்பும் ஓடும் உயிருள்ள சதை இருக்கிறது. அதற்கும் உள்ளே எலும்பு. நோய் அங்கே எட்டினால் நகச்சுத்து வந்த விரல் மீது நாம் முழு உடம்பையும் ஊன்றி நிற்பது போன்ற வேதனை அதற்கு.

குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளர்கிறது. மேல் விளிம்பில் இன்று முளைப்பது முன்நுனியில் தரையைத் தொட ஏறக்குறைய ஓராண்டு ஆகும். ஆகவே இன்று கெடுத்த குளம்பு சரியாக நீண்ட காலம் பிடிக்கும்.

காலைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். நான்கு பகுதிகளை அடையாளம் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, உள்ளங்கால். லேசாகக் குழிந்து, கெட்டியாக இருக்கும்.

இரண்டு, குதிகாலிலிருந்து நடுப்பகுதிவரை வரும் முக்கோண மெத்தை. ஆங்கிலத்தில் ஃப்ராக் என்பார்கள். கெட்டியான ரப்பர் போல இருக்கும். மிதிக்கும் அதிர்ச்சியைத் தாங்குவதில் இதற்குப் பங்கு உண்டு.

மூன்று, அந்த முக்கோணத்தின் இரு பக்கமும் நடுவிலும் உள்ள பள்ளங்கள். அழுகல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும்.

நான்கு, உள்ளங்காலும் வெளிச்சுவரும் சேரும் இடத்தில் ஓடும் வெள்ளைக் கோடு. இதில் பிளவு விழுந்தால் மண்ணும் கிருமியும் மேலேறும். சுவர் உள்ளிருந்து பிரிந்து பொடிப்பொடியாக உதிரும்.

அழுகல் எப்படி வருகிறது

குளம்பு அழுகலுக்குக் காரணமான கிருமிகள் லத்தியிலும் ஈர மண்ணிலும் எப்போதும் இருப்பவை. அவற்றை உலகத்திலிருந்து ஒழிக்க முடியாது. ஆனால் அவற்றுக்கு ஒரு பலவீனம் உண்டு. காற்றுப் படாத இடத்தில்தான் அவை நன்றாகப் பெருகும். லத்தியும் சேறும் பள்ளங்களில் அப்பி, மேலே கல்லும் மண்ணும் இறுகி அடைத்துக்கொண்டால், உள்ளே காற்றில்லாத, ஈரமான, வெதுவெதுப்பான ஓர் அறை உருவாகிவிடுகிறது. நாமே கிருமிக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. போதாததற்கு, தேங்கிய மூத்திரமும் ஈரமும் குளம்பை ஊற வைத்து மெத்தென்று ஆக்கிவிடுகின்றன.

ஆகவே குளம்பைச் சுரண்டுவது அழகுக்காக அல்ல, உள்ளே காற்றுப் புகுவதற்காக. இதை மட்டும் மனதில் வைத்தால் மீதிப் பாடம் தானே விளங்கும். குளம்பை வெறுமனே தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஈரத்தோடு மறுபடி சேற்றில் நிறுத்தினால் ஏன் பயனில்லை என்பதும் விளங்கும். "கடல் தண்ணீரில் தினமும் நடக்கிறதே, உப்புத் தண்ணீர் கிருமியைக் கொன்றுவிடாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். அலையில் நடந்தால் பள்ளத்தில் இறுகிய அடைப்பு வெளியே வந்துவிடாது. கிளிஞ்சல் துண்டும் கண்ணாடிச் சில்லும் புதிதாகச் சேரவும் கூடும். கடற்கரையிலிருந்து வந்த குதிரைக்கும் சுரண்டல் தேவை.

தினமும் இரண்டு முறை, பத்து பத்து நிமிடம்

ஃபஜ்ருக்குப் பிறகு வேலைக்குக் கிளப்பும் முன் ஒரு முறை, மாலையில் வேலை முடிந்து வந்ததும் ஒரு முறை. நான்கு காலுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் போதும். தேவையானவை: குளம்பு சுரண்டும் மொட்டை முனைக் கொக்கி, கெட்டியான பிரஷ், உலர்ந்த பழந்துணி. கத்தி, ஸ்குரூ டிரைவர் போன்ற கூரானவை வேண்டாம்.

முதலில் குதிரையைச் சமதரையில், இழுத்தால் உடனே அவிழும் முடிச்சில் கட்டுங்கள். அதன் தோள் பக்கம், உங்கள் முகம் வாலைப் பார்த்தபடி நில்லுங்கள். பேசிக்கொண்டே கையைத் தோளிலிருந்து கால் வழியாகக் கீழே தடவிக் கொண்டு போங்கள். குளம்புக்கு மேலே பின்புற நரம்பை மெல்ல அழுத்தினால் பழகிய குதிரை தானே காலைத் தூக்கிக் கொடுக்கும். பின்னங்காலுக்கும் அப்படியே, இடுப்போடு ஒட்டி நின்று செய்யுங்கள். நேர் பின்னால் நிற்காதீர்கள். மண்டியிட்டோ சம்மணமிட்டோ உட்காராதீர்கள், சட்டென விலக முடியாது. சிறு பிள்ளைகளைத் தனியே இந்த வேலைக்கு அனுப்பவே வேண்டாம்.

கொக்கியைக் குதிகால் பக்கம் வைத்து முன்நுனி நோக்கி இழுங்கள். திசை முக்கியம். எதிர்த்திசையில் இழுத்தால் கொக்கி மெத்தைப் பகுதியில் குத்திவிடும். இரு பக்கப் பள்ளங்களையும் அடிவரை சுத்தம் செய்யுங்கள். நடுப்பள்ளத்தில் மென்மையாகச் செய்யுங்கள். லாடத்தின் உள்விளிம்பில் சிக்கிய கல்லை எடுத்துவிடுங்கள். பிறகு பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். சேறு மிகவும் அப்பியிருந்தால் தண்ணீரில் கழுவலாம். கழுவினால் துடைப்பதும் கட்டாயம்.

இந்தப் பத்து நிமிடத்தில் கை சுரண்டட்டும், கண்ணும் மூக்கும் வேலை செய்யட்டும். ஒவ்வொரு காலிலும் ஐந்து கேள்விகள்:

1. நாற்றம் வருகிறதா? நல்ல குளம்பில் மண் வாசனையும் லத்தி வாசனையும் இருக்கும். அழுகல் நாற்றம் வேறு. ஒரு முறை முகர்ந்தவர் மறக்க மாட்டார்.

2. கறுப்பான, பிசுபிசுப்பான கசிவு இருக்கிறதா?

3. நடுப்பள்ளம் எப்படி இருக்கிறது? அது ஆழமில்லாத சிறு குழியாக இருக்க வேண்டும். குதிகால் சதை நோக்கி நீளும் ஆழமான பிளவாக மாறியிருந்தால் அழுகல் உள்ளே போய்விட்டது என்று பொருள்.

4. நான்கு குளம்பில் ஒன்று மட்டும் சூடாக இருக்கிறதா? புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

5. லாடம் ஆடுகிறதா? ஆணி தூக்கியிருக்கிறதா? சுவரில் வெடிப்பு உண்டா?

ஒரு விஷயத்தில் பயப்பட வேண்டாம். மெத்தைப் பகுதியின் மேல் தோல் அவ்வப்போது பட்டையாக உரிந்து விழும். அடியில் கெட்டியாக, நாற்றமில்லாமல் இருந்தால் அது இயற்கை, நோயல்ல.

மருந்துக்கு முன்னால் தரை

கிரேக்க நாட்டில் செனபோன் என்பவர் ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் குதிரை வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஈரமான, வழவழப்பான தரை நல்ல குளம்பையும் கெடுக்கும் என்றும், தண்ணீர் வடிந்து ஓடும் சரிவும் கல் பாவிய தரையும் வேண்டும் என்றும் அவர் அதில் சொல்லியிருக்கிறார். நம் மருத்துவர் அன்று கொட்டிலில் நின்று சொன்னதும் அதே செய்திதான்.

நன்கு வளர்ந்த குதிரை நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 கிலோ லத்தி போடும். காலையும் மாலையும் அதை அள்ளிவிடுங்கள். மூத்திரம் ஊறிய வைக்கோலையும் மரத்தூளையும் அன்றன்றே எடுத்துவிட்டு, உலர்ந்ததைப் பரப்புங்கள். தரையில் வடிகாலை நோக்கி லேசான சரிவு இருக்கட்டும். சிமெண்ட் போட்டால் வழுக்காதபடி கோடு கீறிச் சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள். வெறும் சிமெண்டில் நிறுத்தாமல் மேலே படுக்கை போடுங்கள். கூரை ஒழுகும் இடத்தை ஐப்பசிக்கு முன்னால் அடையுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர்வரை நமக்குக் காட்டும் வேகம் தெரிந்ததே. முற்றம் முழுதும் சேறானாலும், குதிரை நிற்க ஒரு மேடான, உலர்ந்த இடமாவது இருக்க வேண்டும்.

நம் வீடுகளில் கொட்டிலைக் கூட்டி அள்ளும் வேலை பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கிறது. சகோதரிகளே, மருத்துவரின் ஊசியைவிட உங்கள் துடைப்பம்தான் முதல் மருந்து. நாற்றத்தை முதலில் உணர்பவரும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். உணர்ந்தால் அன்றே சொல்லுங்கள்.

அழுகல் தொடங்கிவிட்டால்

தொடக்கத்திலேயே கண்டால் குணப்படுத்துவது கடினமல்ல. முதலில் உலர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். தளர்ந்து தொங்கும் செத்த பகுதியை லாடம் அடிப்பவரோ மருத்துவரோ சீவி எடுக்கட்டும், நாமே வெட்டக் கூடாது. பிறகு தினமும் சுரண்டி, கழுவி, நன்றாகத் துடைத்து, பள்ளத்தில் போவிடோன் அயோடின் மருந்து நனைத்த பஞ்சை வைக்கலாம். பஞ்சைத் தினமும் மாற்ற வேண்டும். பழைய பஞ்சை உள்ளே மறந்துவிட்டால் அதுவே புதிய அடைப்பாகிவிடும். ஒரு வாரத்தில் நாற்றமும் கசிவும் குறையவில்லை என்றாலோ, தொட்டால் வலித்துக் காலை இழுத்தாலோ, இரத்தம் கசிந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். பழக்கத்தில் சிலர் மண்ணெண்ணெய், எரிந்த என்ஜின் ஆயில், பினாயில், ஆசிட் ஆகியவற்றை ஊற்றுகிறார்கள். இவை கிருமியோடு நல்ல சதையையும் பொசுக்கும். புண்ணான சதையில் புதிய தோல் வருவதையும் கெடுக்கும். மயில்துத்தம் குளம்பு நோய்க்குப் பயன்படுவது உண்மைதான். ஆனால் அளவு கூடினால் உயிருள்ள சதையைச் சுட்டுவிடும். மருத்துவர் சொன்ன அளவில்லாமல் தொடாதீர்கள். இன்னொன்று: சுரண்டாத, ஈரமான குளம்பின் மேல் பளபளப்புக்காக எண்ணெய் பூசுவது. ஊர்வலத்தில் பார்க்க அழகாக இருக்கும், உள்ளே அழுக்கும் ஈரமும் அப்படியே இருக்கும்.

நாள் கடத்தவே கூடாத நான்கு

முதலாவது, சீழ்க்கட்டு. நேற்று நன்றாக நடந்த குதிரை இன்று காலையில் ஒரு காலை ஊன்றவே மறுக்கும். எலும்பு முறிந்துவிட்டதோ என்று கூடத் தோன்றும். குளம்பு சூடாக இருக்கும். குளம்புக்கு மேலுள்ள மூட்டின் பின்புறம் இரு பக்கமும் விரல் வைத்தால் நாடி பலமாக அடிப்பது தெரியும். நல்ல காலில் அந்த நாடி விரலுக்கு அரிதாகத்தான் எட்டும். சீழ் வெளியேற மருத்துவர் வழி செய்ய வேண்டும். அதன் பிறகு அவர் சொன்னபடி எப்சம் உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் காலை வைத்து, துடைத்து, கட்டுப் போட வேண்டும்.

இரண்டாவது, ஆணி குத்துதல். உள்ளங்காலில் ஆணி ஏறியிருந்தால் உடனே பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். எந்த இடத்தில், எந்தப் பக்கம் சாய்ந்து, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும். பிடுங்கிய பிறகு துளை மூடிக்கொண்டால் தடம் தெரியாது. குதிரையை நடத்தாமல், ஆணி மேலும் இறங்காதபடி சுற்றித் துணி கட்டி, மருத்துவரை அழையுங்கள். அவர் வர நேரமாகும், ஆணியோ உள்ளே இறங்கிக்கொண்டே போகிறது என்றால், அவரிடம் போனில் கேட்டு எடுக்கலாம். எடுக்கும் முன் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். எடுத்த ஆணியையும் பத்திரமாக வையுங்கள். முக்கோண மெத்தையின் நடுவில் ஏறிய ஆணி மிகவும் ஆபத்தானது, அதற்கு மேலே மூட்டும் தசைநாரும் இருக்கின்றன.

மூன்றாவது, டெட்டனஸ் என்னும் ரணஜன்னி. இதன் கிருமி மண்ணிலும் லத்தியிலும் இருக்கிறது. வீட்டு விலங்குகளில் குதிரைக்குத்தான் இது மிக எளிதில் வரும். தாடை இறுகும், உடம்பு விறைக்கும், கண்ணின் உள்ஓரத்துச் சவ்வு முன்னால் வரும். வந்த பின் பிழைப்பது அரிது. வருமுன் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. முதல் ஊசிகளையும் அடுத்தடுத்த ஊசிகளையும் மருத்துவர் சொன்ன தேதியில் போட்டு, அந்தச் சீட்டை ரேஷன் கார்டைப் போலப் பத்திரப்படுத்துங்கள். குதிரையோடு வேலை செய்யும் நீங்களும் டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது, இரண்டு முன்னங்குளம்புகளும் ஒரே நேரத்தில் சூடாகி, குதிரை முன்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்பது. இது அழுகல் அல்ல. அளவுக்கு மீறித் தானியம் தின்பது முதலிய காரணங்களால் குளம்பின் உட்சதை வீங்குவது. இதைக் கழுவலாலோ சுரண்டலாலோ தீர்க்க முடியாது. அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கால்நடை அவசரத்துக்கு 1962 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

லாடம்

ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை லாடத்தைக் கழற்றி, வளர்ந்த குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். "லாடம் இன்னும் தேயவில்லையே" என்று நாள் கடத்துவது பொய்ச் சிக்கனம். லாடம் தேயாவிட்டாலும் குளம்பு வளர்ந்துவிடுகிறது. அதன் அளவு மாறி, சுவர் விரிந்து, வெள்ளைக் கோட்டில் பிளவு விழுகிறது. ஆணி அடித்த மறுநாளே குதிரை நொண்டினால் ஆணி உயிருள்ள இடத்தில் இறங்கியிருக்கலாம். லாடக்காரரைத் திட்டிக்கொண்டு நிற்காமல் உடனே அழைத்து அந்த ஆணியை எடுக்கச் சொல்லுங்கள். டெட்டனஸ் ஊசியைப் பற்றி மருத்துவரிடமும் கேளுங்கள்.

டிரஸ்ட் எடுத்த முடிவு

அந்தச் சகோதரரின் குதிரை, அல்ஹம்துலில்லாஹ், குணமாகிவிட்டது. ஆனால் இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் கல்யாண மாதங்கள். வருஷத்தில் அவர் கையில் நாலு காசு சேரும் காலம் அதுதான். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு மீண்டும் கடன் கேட்க நேர்ந்தது. மூன்று வாரம் முன்னால் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு பாட்டில் மருந்தோடும் ஒரு வார ஓய்வோடும் முடிந்திருக்கும். சொல்ல முடியாதபடி அவரைப் பயப்பட வைத்தது யார்? எங்களைத்தான் நாங்கள் கேட்டுக்கொண்டோம். கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுப்பதுதான் கர்ழே ஹஸனாவின் ஒழுங்கு. அதைக் கடன் கொடுத்த அன்றே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே நிர்வாகக் குழுவில் பேசி மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறோம். முதலாவது, இனிக் குதிரைக்குக் கடன் கொடுக்கும்போது கொட்டிலின் தரையை முதலில் போய்ப் பார்ப்போம். தரைச் செலவும் கடன் கணக்கில் சேரும். இரண்டாவது, சுரண்டும் கொக்கியும் பிரஷ்ஷும் டிரஸ்ட் செலவில் கொடுத்து, மருத்துவரையும் அனுபவமுள்ள லாடக்காரரையும் வைத்து ஒரு நாள் நேரில் கற்றுக்கொடுப்போம். மூன்றாவது, குதிரை நொண்டுகிறது என்று தகவல் சொன்னால், மருத்துவர் வேலைக்கு அனுப்பலாம் என்று சொல்லும்வரை தவணை நிறுத்தி வைக்கப்படும். யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டோம்.

நீங்களும் ஒன்று செய்ய வேண்டும். நொண்டும் குதிரையை வேலைக்கு இறக்காதீர்கள். நோயுற்ற மிருகத்தை வேலை வாங்குவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும். தன் வலியை வாய்விட்டுச் சொல்ல முடியாத ஓர் உயிர் நம் கையில் அமானத்தாக இருக்கிறது. அந்த அமானத்துக்கும் நம் பதில் தேவைப்படும்.

இன்று மாலை குதிரை வீடு திரும்பியதும் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். நன்றாக இருந்தால் அல்ஹம்துலில்லாஹ். இல்லையென்றால் அலுவலகத்துக்கு வாருங்கள். மஃரிபுக்குப் பிறகு எப்போதும் யாராவது ஒருவர் இருப்போம்.

வஸ்ஸலாம்.

செயலாளர்